கதவு விழுங்கிய கரண்டி

பேட்ஜுகள் பத்திரமாக இருந்தன. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் கழுத்தில் ஒரு பேட்ஜ் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஊழியர் மேல் படுகிற கதிர் அதன் மேலும் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மேல் வாரியத்துக்கு அனுப்பினால், அளந்து பார்த்து ஓர் எண் எழுதி அனுப்புவார்கள்.

இந்த மருத்துவமனையில் பதினோரு பேட்ஜுகள் இருந்தன. தினமும் காலை எட்டு மணிக்கு ஊழியர்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் அறை முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவர் பீரோவைத் திறப்பார். ஒவ்வொருவரும் தன் பேட்ஜை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு பேட்ஜைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போவார்கள்.

மூன்று வருடம் முன்பு வரை அப்படி இல்லை. அப்போது ஓர் ஊழியரின் பேட்ஜில் எண் வரம்பைத் தாண்டிவிட்டது. வாரியம் விளக்கம் கேட்டது. விளக்கம் எழுத அதிகாரிக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இனி இப்படி ஒரு கஷ்டம் யாருக்கும் வரக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். பேட்ஜுகள் பீரோவுக்குப் போயின. பீரோவின் உட்புறம் ஈயத் தகடு அடிக்கப்பட்டது. ஈயத்தைத் தாண்டி எக்ஸ்ரே வராது. அன்றிலிருந்து எல்லோருக்கும் பூஜ்யம். வாரியம் ஒரு விருது கொடுத்தது. அது வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில், துணிக்கடையில் நிற்பதுபோல ஒரு பொம்மை. மருத்துவமனையின் ஒரே ஈய அங்கியை அதற்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

எண் தாண்டிய ஊழியர் பிறகு வேலைக்கு வரவில்லை. அவருடைய பேட்ஜ் நலமாக இருக்கிறது.

அவள் அங்கே நான்கு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். மூன்றாம் மாதம் என்று தெரிந்ததும் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்த மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனாள்.

"எங்க வேலை?" என்றார் மருத்துவர்.

"கீழதான் மேடம். எக்ஸ்ரே."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் எவ்வளவு பட்டிருக்கு?"

"தெரியல மேடம்."

"பேட்ஜ் இருக்குமே. நம்பர் வாங்கிட்டு வாங்க. நம்பர் இல்லாம பயப்படாதீங்கன்னும் சொல்ல முடியாது, பயப்படுங்கன்னும் சொல்ல முடியாது."

ஒரே ஓர் எண். அவ்வளவுதான். அவள் மாடிப்படி இறங்கி நேராகப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனாள்.

அவருடைய அறைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரை ஒட்டிப் பீரோ, பீரோவை ஒட்டி அவருடைய நாற்காலி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"பூஜ்யம்மா. போன தடவை பூஜ்யம். அதுக்கு முந்தின தடவை பூஜ்யம். எனக்கும் பூஜ்யம். போய் நிம்மதியா சாப்பிடு."

"பேட்ஜ் பீரோவுல இருந்துச்சு சார். நான் அந்த ரூம்ல இருந்தேன்."

"அதனாலதான் பூஜ்யம்."

"இனிமே அதைப் போட்டுக்கிட்டே வேலை செய்றேன் சார்."

"கதிர் பட்டுருச்சுன்னா?"

"படட்டும் சார். அதுக்குத்தானே அது."

பீரோவைத் தூக்கி மழையில் வைக்கலாமா என்று கேட்டதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

"வாரியத்தோட சொத்தும்மா. கெட்டுப்போனா நான்தான் பதில் சொல்லணும். நீ சொல்வியா?"

பிறகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த வண்ணப் படத்தின் பக்கம் போனார். மின்காந்த அலைகளை வரிசைப்படுத்திய படம். பாதுகாப்பு வாரத்தில் வருடா வருடம் அவர் அதைக் காட்டிப் பேசுவார். இப்போது ஒருத்திக்காகப் பேசினார்.

"இது ரேடியோ அலை. இது மைக்ரோ அலை. இது அகச்சிவப்பு, அடுப்புப் பக்கத்துல நின்னா சுடுதே, அது. நடுவுல நாம கண்ணால பாக்குற வெளிச்சம். அப்புறம் புற ஊதா, எக்ஸ்ரே, கடைசில காமா. எல்லாம் ஒரே குடும்பம். ஒரே வேகம். ஒரு நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர். முந்துறவனும் கிடையாது, பிந்துறவனும் கிடையாது. நம்ம ஆபீஸ்ல அந்த ஒழுங்கு உண்டா? ரேடியோ கேட்டு யாராவது செத்தாங்களா? வானவில்லைப் பாத்து யாராவது படுத்தாங்களா? ஒரு குடும்பத்துல ஆறு பேர் நல்லவங்களா இருக்கும்போது ஒருத்தனை மட்டும் சந்தேகப்படுறது நியாயமா?"

"வேகம் ஒண்ணுதான் சார். நீளம் வேற. ரேடியோ அலையில ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல இந்தக் கட்டடமே அடங்கும். எக்ஸ்ரேயில அது ஒரு அணு அளவுதான். நீளம் குறையக் குறைய அடி பலமா விழும். ரேடியோ வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுப் போயிடும். இது உள்ள பூந்து சாமானை உடைக்கும்."

"நீ டிப்ளமாதானே?"

"ஆமா சார்."

"நான் டிகிரி."

"பிசிக்ஸா சார்?"

"நிர்வாகம்," என்றார் அதிகாரி.

அவள் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். காரணம் என்ற இடத்தில் 'கதிர்வீச்சு' என்று எழுதினாள். பதிவேட்டின்படி கதிர்வீச்சு இல்லாததால் காரணம் இல்லை என்று பதில் வந்தது.

வீட்டில் கணவன் சொன்னான்: "பேசாம வேலைய விட்டுரு."

"விட்டா முன்னாள் ஊழியர்னு எழுதிடுவாங்க. முன்னாள் ஊழியருக்கு ரெக்கார்டே கிடையாது."

"இப்ப இருக்குற ரெக்கார்டு மட்டும் என்ன வாழுது?"

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள்.

எக்ஸ்ரே அறைக்கும் அவள் நின்று பொத்தானை அழுத்துகிற சின்ன அறைக்கும் நடுவில் ஒரு கதவு. ஈயம் அடித்த கதவு என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் அதை அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். மேல்பாதி 'டப்' என்றது. பலகை ஒட்டியிருந்த கீழ்ப்பாதி 'டொக்' என்றது. டொக் என்ற இடம் அவளுடைய வயிற்றுக்கு நேராக இருந்தது.

ஒரு எக்ஸ்ரே பிலிமை அதன் பெட்டியோடு அந்த இடத்தில் தன் பக்கமாக ஒட்டினாள். பிலிமுக்கும் கதவுக்கும் நடுவில் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த கரண்டியைச் செருகினாள். கதவு கதிரை நிறுத்தினால் படத்தில் ஒன்றும் விழாது. நிறுத்தாவிட்டால் கரண்டியின் நிழல் விழும். ஒரு வாரம் கழித்து இருட்டறையில் கழுவினாள். சாம்பலாய்க் கறுத்த படத்தில் வெள்ளையாக ஒரு கரண்டி. கைப்பிடியின் வளைவு கூடத் தெரிந்தது.

அன்றிலிருந்து பொத்தானின் வயரை முடிந்த மட்டும் இழுத்துக்கொண்டு செங்கல் மூலையில் போய் நின்றாள். அங்கிருந்து நோயாளியின் முகம் தெரியவில்லை. மூச்சைப் பிடிக்கும்படி குரலை உயர்த்திச் சொன்னாள்.

படத்தை அதிகாரியிடம் கொண்டுபோனாள்.

"யாரோட படம் இது?"

"கதவோடது சார்."

"பேரு எங்க? நோயாளி பேரில்லாத படம் படமே இல்லம்மா. அரசாங்க பிலிம். ஓ.பி. சீட்டு போட்டுட்டு வா. இல்லன்னா பிலிமைத் திருடின கணக்குல வந்துரும்."

ஓ.பி. ஜன்னலில் இருந்த எழுத்தர் தலை நிமிரவில்லை.

"பேரு?"

"கதவு."

"வயசு?"

"மூணு. புதுசா பலகை ஒட்டி அவ்வளவுதான் ஆகுது."

"ஆணா பெண்ணா?"

அவள் யோசித்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. இதைப் போடாம கம்ப்யூட்டர் நகராது."

"பெண்."

"கூட வந்திருக்கறது?"

"நான்."

"உறவு?"

"தினமும் பக்கத்துல நிக்கிறேன்."

'பக்கத்து வீடு' என்று எழுத்தர் அடித்தார்.

சீட்டு இருந்ததால் படம் தானாகவே எக்ஸ்ரே நிபுணரின் மேசைக்குப் போனது. அவர் அன்று நூற்று நாற்பது படம் பார்த்திருந்தார். 'எலும்பு எதுவும் காணப்படவில்லை. உலோகக் கரண்டி ஒன்று உள்ளது. குழந்தை விளையாட்டாக விழுங்கியிருக்கலாம். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அனுப்பவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அறுவை சிகிச்சைப் பிரிவில் ஊழியர் வெளியே வந்து "கதவு, கதவு" என்று மூன்று முறை கூப்பிட்டார். வாசலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நோயாளி ஆஜராகவில்லை, சிகிச்சையை மறுத்ததாகக் கருதப்படுகிறது என்று குறிப்பு எழுதப்பட்டது.

கதவைச் சரிசெய்யக் கேட்டு அவள் படத்தோடு விண்ணப்பம் கொடுத்தாள். ஐந்தாம் மாதம் அதைப் பரிசீலிக்கப் பாதுகாப்புக் குழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள். அவர்களில் எக்ஸ்ரே அறையை நேரில் பார்த்தவர் ஒருவர்தான். அதுவும் மணிக்கட்டு பிசகிய அன்று. தலைவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"கறுப்பா இருக்குற எடமெல்லாம் கதிர் பட்டது. சரிதானே?"

"ஆமா சார்."

"கரண்டி இருக்குற எடம் வெள்ளை. அப்ப அங்க கதிர் படல."

"கரண்டி தடுத்திருக்கு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தடுப்பு ஊழியர் கையிலயே இருக்கு. அப்புறம் எதுக்குக் கதவை மாத்தணும்?"

"நான் கரண்டி அளவு இல்ல சார்."

மணிக்கட்டு பிசகியவர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கரண்டி வெச்சுக்கலாமே," என்றார்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நெஞ்சுப் படம் எடுக்கும்போது கதிர் பாதுகாப்பு அதிகாரியின் அறைப்பக்கம் பாய்கிறது. அந்தச் சுவரும் மெல்லியது. அதையும் பார்த்தால் நல்லது.

அதிகாரி சிரித்தார். "மூணு வருஷமா நான் அங்கதான் உக்காந்திருக்கேன். எனக்குப் பூஜ்யம். உக்காந்திருக்குறவனுக்கே இல்ல. நின்னுட்டுப் போறவங்களுக்கு எங்கேர்ந்து வரும்?"

தலைவர் எழுந்து முடிவுரை ஆற்றினார். "ஊழியர் நலன்ல நமக்கு அக்கறை இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது. வந்த எந்தப் புகாரையும் நாம பரிசீலிக்காம நிராகரிச்சதில்ல. பரிசீலிச்சுத்தான் நிராகரிச்சிருக்கோம்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. கர்ப்பிணி ஊழியர்கள் பணி நேரத்தில் உலோகக் கரண்டி ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள். கரண்டியை ஊழியரே கொண்டுவர வேண்டும்.

அதே வாரம் நோயாளிகள் ஏறும் படிப்பலகையைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். மருத்துவமனையின் மர வேலை எல்லாம் அவர்தான். அவள் அந்தக் கதவைத் தட்டிக் காட்டினாள்.

"அண்ணே, இங்க டப். இங்க டொக். ஏன்?"

"கீழ தகடு இல்ல. அதான்."

"எங்க போச்சு?"

தச்சர் அவளை வியப்பாகப் பார்த்தார். "தெரியாதா? நான்தான் கழட்டினேன். பீரோவுக்கு அவசரமா ஈயம் வேணும்னாங்க. புதுத் தகடு வந்ததும் கதவுக்கு அடிச்சுக்கலாம்னாங்க. வரவே இல்ல. மொட்டையா இருக்கேன்னு பலகை ஒட்டி மூடிட்டேன்."

அவர் பார்வை அவள் வயிற்றுக்கு வந்தது. உடனே கருவிப் பைக்குப் போனது.

"அப்ப நீ இப்படி இல்ல தங்கச்சி."

"இப்படி இல்லாதவங்க மேலயும் பட்டுச்சுண்ணே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வரிசையில் நின்றாள். அதிகாரி பீரோவைத் திறந்தார். உள்ளே தகட்டில் சிவப்புப் பெயின்டில் ஏதோ எழுத்து. மூன்று வருடமாகத் தினமும் பார்த்த எழுத்துதான். தலைகீழாக இருந்ததால் யாரும் வாசித்ததில்லை. அவள் தலையைச் சாய்த்து வாசித்தாள்.

'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

கதவில் இருந்த எச்சரிக்கை. அது மூன்று வருடமாகப் பதினோரு பேட்ஜுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் சுட்டது. கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

கதவைச் சரிசெய்யக் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் கரண்டியோடு முடிந்துபோயிருந்தது. அவள் புதிய சீட்டு ஒன்று எழுதினாள். 'பேட்ஜ் பீரோவின் கதவு சரியாகச் சாத்தவில்லை. பேட்ஜுகளுக்கு ஆபத்து.' அதிகாரி அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"இன்னைக்கே ஆள் அனுப்பு. இதெல்லாம் தள்ளிப்போடுற விஷயமா?"

அதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தச்சர் வந்தார். பேட்ஜுகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றினார். பீரோவின் உட்புறம் அதே நிறத்தில் ஓர் அட்டையை ஒட்டினார். பேட்ஜுகளைத் திரும்ப அடுக்கினார். தகட்டை அவரும் அவளுடைய துணைக்கு வந்த துப்புரவுப் பணியாளர் அக்காவும் தூக்கிவந்தார்கள். அவளைத் தொடவிடவில்லை. பலகையைப் பெயர்த்துத் தகட்டை அதன் பழைய ஆணித் துளைகளிலேயே அடித்தார்கள். எழுத்து நேராக நின்றது.

அவள் தட்டிப் பார்த்தாள். டப்.

அதிகாரி திரும்பிவந்து பீரோவை இரண்டு முறை திறந்து மூடினார். "இப்ப எவ்வளவு லேசா சாத்துது பாரு," என்றார். "வேலைன்னா இப்படிச் செய்யணும்."

அவள் மறுபடி ஒரு பிலிம் ஒட்டி, கரண்டியைச் செருகி, ஒரு வாரம் கழித்துக் கழுவினாள். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. கரண்டி இல்லை, எதுவும் இல்லை. இந்தப் படத்துக்கு அவள் ஓ.பி. சீட்டு போடவில்லை.

எட்டாம் மாதம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பதினோரு பேட்ஜுகளிலும் எண் வரம்பைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றிலும் அதிகம் முதலாம் எண் பேட்ஜில். மேல் தட்டில் தனியாகத் தொங்கும் பேட்ஜ் அது. அதிகாரியுடையது.

பாதுகாப்புக் குழு அன்றே கூடியது. வரம்பைத் தாண்டினால் மூன்று மாதம் கதிர்வீச்சுப் பணியிலிருந்து ஓய்வு தர வேண்டும் என்று விதி சொன்னது. விதியை மீறக் குழு விரும்பவில்லை. பதினோரு பேட்ஜுகளுக்கும் மூன்று மாத ஓய்வு அளிக்கப்பட்டது. அவை நான்காவது மாடியில் காற்றோட்டமான ஓர் அறைக்கு மாற்றப்பட்டன. ஊழியர்களைப் பற்றியும் சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. பேட்ஜ் இல்லாதவர் கதிர்வீச்சு ஊழியர் ஆக மாட்டார். கதிர்வீச்சு ஊழியர் அல்லாதவருக்கு வரம்பு கிடையாது. ஆகவே அவர்கள் வழக்கம்போல் பணிக்கு வரலாம்.

அன்று மதியம் அதிகாரி முதல் முறையாக எக்ஸ்ரே அறைப்பக்கம் வந்தார். கையில் கடிதம். எக்ஸ்ரே அறைக்குள் வந்து, சின்ன அறையின் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நெஞ்சுப் படத்துக்காக ஒரு முதியவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இந்த நம்பர்... இது ரொம்ப அதிகமா?"

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கால் வீங்கியிருந்ததால் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதிகம்தான் சார்."

"நான் எக்ஸ்ரே எடுக்கறதே இல்லையே. சும்மா உக்காந்துதானே இருக்கேன்."

"பேட்ஜும் சும்மாதான் தொங்கிட்டிருந்துச்சு சார்."

அவர் கழுத்தைத் தடவினார். "வீட்டுல ஒரு மாசமா சொல்லிட்டிருக்கா, முகமே சரியில்லன்னு. நான்தான் வேலை பளுன்னு நெனச்சேன்." கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார், பிரித்தார். "இது மூணு மாசத்துக்குத்தானே?"

"மூணு மாசத்துக்குத்தான்."

"அதுக்கு முன்னாடி மூணு வருஷம் இருக்கே. மொத்தமா எவ்வளவு பட்டிருக்கும்?"

"தெரியாது சார். ரெக்கார்டுல பூஜ்யம்."

அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அவர் அதைப் பார்த்தது அப்போதுதான்.

"உன்னோடது?"

"என்னோடதும் பூஜ்யம்தான் சார். நீங்கதானே காட்டினீங்க. மூணாவது மாடி மேடம் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. உங்களுக்காவது மூணு மாசக் கணக்கு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல, என் பேட்ஜும் உங்க ரூமைத்தான் அளந்திருக்கு." அவள் நிமிர்ந்தாள். "வெளிய போங்க. இல்லன்னா உள்ள வந்து என் பின்னால நில்லுங்க. வாசல்ல நிக்காதீங்க, கதவைச் சாத்தணும்."

அவர் உள்ளே வந்து அவள் பின்னால் நின்றார். அவள் கதவைச் சாத்தினாள். அது கனமாக மூடியது. சிவப்பு எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கதவிலிருந்த சின்ன ஈயக் கண்ணாடி வழியாக முதியவரைப் பார்த்தாள்.

"ஐயா, மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடாதீங்க."

முதியவர் மூச்சைப் பிடித்தார். அவள் பின்னால் அதிகாரியும் பிடித்துக்கொண்டு நின்றார்.